மூன்று மீசைகளும் ஒரு ஷட்டரும்

லிப்ட்காரருக்கு உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறுக்கும் ஒரே மருந்து எண்ணெய். கதவு கிறீச்சிட்டால் எண்ணெய். குடை விரிய மறுத்தால் எண்ணெய். எதிர்வீட்டுக் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள், மாடிப்படி கேட், மனைவியின் தையல் மெஷின், பல் டாக்டர் தன்னைப் படுக்க வைத்த நாற்காலி, எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப் பையில் அவர் ஊசிமூக்கு வைத்த சின்ன எண்ணெய்க் குப்பியைச் செருகியிருப்பார். அவர் லிப்ட் ரிப்பேர் பார்க்கும் கம்பெனி கொடுக்கும் எண்ணெய் அது. நல்ல பச்சை நிறம், பாகு மாதிரி கெட்டி. வாசனையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ரப்பர் செருப்பை வெயிலில் வாட்டியது போல இருக்கும். அவருடைய சட்டைகள் அத்தனைக்கும் நெஞ்சுப் பக்கம் ஒரு பச்சை வட்டம் உண்டு.

"இந்த வீட்டுல எண்ணெய் படாத ஒரே சாமான் நான்தான்," என்பாள் மனைவி. "நானும் நாள் பூரா சத்தம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஏன் விட்டு வெச்சிருக்கீங்கன்னுதான் தெரியல."

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. 'பழுது பார்க்கப்படுகிறது. படிகளைப் பயன்படுத்தவும்' என்ற தகரப் போர்டை மாட்டாமல் எந்த வேலையிலும் கை வைக்க மாட்டார். ஆபீஸில் அது சட்டம். வீட்டில் அது பைத்தியக்காரத்தனம். ஆனாலும் இஸ்திரிப் பெட்டியைப் பிரிக்க உட்கார்ந்தால்கூட அந்த போர்டு அறைக் கதவில் ஏறிவிடும். அவர்கள் இருப்பது இரண்டாம் மாடியில். வீட்டுக்குள் படி எங்கே இருக்கிறது என்று இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை.

மூன்றாவது விஷயம் மீசை. கல்யாணத்தன்று அவருக்கு மீசை கிடையாது. மறுநாள் மாமனார் தன் மீசையை இரண்டு பக்கமும் நீவிவிட்டுக்கொண்டே, "என்ன மாப்ள, மூஞ்சி மொழுக்குனு இருக்கு?" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஆசை ஆசையாக வளர்த்து, சீவி, கத்தரித்து, இருபத்தைந்து வருஷமாகக் காப்பாற்றி வருகிறார். பழைய முகம் எப்படி இருந்தது என்று மனைவிக்கே மறந்துவிட்டது. எடுத்துப் பார்க்கலாம் என்றால் படமும் இல்லை.

படம் இல்லாத கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாமனார் பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். அவரிடம் ஒரு பழைய பிலிம் கேமரா உண்டு. தோல் உறை, வெள்ளி வளையம், கண்ணாடி விழி என்று பார்க்க லட்சணமாக இருக்கும். ஒரே மகளின் கல்யாணத்தைத் தானே படம் எடுப்பேன் என்று அடம்பிடித்தார். போட்டோகிராபர் வேண்டாம் என்றார். வந்த உறவுக்காரர்கள் கேமராவை வெளியே எடுத்தாலே முறைத்தார். முப்பத்தாறு படம் எடுத்தார். எதிர்ச்சாரியில் இருந்த ஸ்டூடியோக்காரரிடம் கழுவக் கொடுத்தார். ஒரு படம்கூட வரவில்லை. பிலிம் முழுக்கக் கண்ணாடி மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"கழுவத் தெரியாம என் பொண்ணு கல்யாணத்தைக் கரைச்சு ஊத்திட்டான்," என்றார் மாமனார்.

"ஷட்டர் திறக்காம படம் எடுத்தா பிலிம்ல என்ன விழும்?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. ஸ்டூடியோக்காரர் அந்த பிலிமைச் சாட்சியாக மேஜை டிராயரில் பூட்டி வைத்தார். மாமனார் கேமராவில் அதற்குப் பிறகு பிலிம் போடவே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து, காதுப் பக்கம் வைத்து, விசையை அழுத்துவார். 'கிளிக்' என்று கேட்கும். "சத்தம் வருதா? கேமரா நல்லா இருக்கு," என்று சொல்லி மறுபடி பெட்டியில் வைப்பார்.

இந்தச் சண்டையில் நொந்துபோனது மகள்தான். கல்யாணமான முதல் வாரத்திலேயே கூடத்துச் சுவரில், படம் மாட்டுவதற்கென்று தன் கையால் ஒரு ஆணி அடித்தாள். அதில் இத்தனை வருஷமாக வீட்டுச் சாவி தொங்குகிறது. யார் வீட்டுக்குப் போனாலும் அவள் கண் முதலில் சுவரில் இருக்கும் கல்யாணப் படத்துக்குத்தான் போகும். வெளியே சிரித்துப் பேசுவாள், உள்ளுக்குள் வலிக்கும்.

இருபத்தைந்தாவது கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பே அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "எனக்குப் புடவை வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அதே கேமராவுல ஒரு படம் வேணும். அப்புறம், அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். ரெண்டு பேரையும் ஒரே மேஜையில உட்கார வெச்சு, நீங்க அந்த ஷட்டரைப் பிரிங்க. தப்பு யார் மேலன்னு பார்த்துடலாம்."

ஞாயிறு காலை, அதே கட்டடத்தில் நாலாம் மாடியில் இருக்கும் மாமனார் லிப்டில் இறங்கி வந்தார். ஸ்டூடியோக்காரர் தெருவைத் தாண்டி, டிராயரில் இருந்த பிலிமோடு வந்தார். இரண்டு பேரும் ஒரே மேஜையின் இரண்டு முனையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். ஸ்டூடியோக்காரருக்கும் மீசை உண்டு. மாமனாருடையது மேலே பார்க்கும், இவருடையது கீழே பார்க்கும்.

"மாப்ள, அவர்கிட்ட சொல்லுங்க," என்றார் மாமனார். "கேமரா மேல தப்புன்னா நான் மீசையை எடுத்துடறேன்."

"உங்க மாமாகிட்ட சொல்லுங்க," என்றார் ஸ்டூடியோக்காரர். "கழுவினதுல தப்புன்னா என் மீசையை எடுத்துடறேன்."

லிப்ட்காரர் இரண்டையும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒப்பித்தார். இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஆட்களை ஏற்றி இறக்குவதிலேயே காலம் தள்ளியவருக்கு வார்த்தைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது கஷ்டமாகவா இருக்கும்? தவிர, மாமனார் வீட்டு விவகாரத்தில் அவருக்கு நாட்டாமை கிடைப்பது இதுதான் முதல் தடவை. தலைகால் புரியவில்லை. சும்மா இருந்திருக்கலாம். எழுந்து நின்று, மீசையை ஒரு முறை தடவி, கணீரென்று சொன்னார்:

"தப்பு யார் மேல இருந்தாலும் சரி, பெரியவங்க சின்னவங்கன்னு பார்க்க மாட்டேன். அந்த மீசையை நானே, என் கையாலேயே எடுக்கறேன். இது சத்தியம்."

போர்டைக் கதவில் மாட்டிவிட்டு வேலையில் உட்கார்ந்தார்.

முதல் சோதனை சுலபமானது. கேமராவின் பின்கதவைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். விசையை அழுத்தினார். 'கிளிக்.' உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடியும் 'கிளிக்', மறுபடியும் இருட்டு. ஷட்டர் என்பது லென்ஸுக்கு நடுவே இருக்கும் ஐந்து மெல்லிய எஃகு இதழ்கள். அவை கண்ணிமை போலத் திறந்து மூட வேண்டும். பொறி ஓடுகிறது, சத்தம் வருகிறது, இதழ்கள் மட்டும் அசையவில்லை. மாமனார் இருபத்தைந்து வருஷமாகச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"பிலிமைப் பாருங்க," என்று ஸ்டூடியோக்காரர் சுருளை விரித்தார். "ஓரத்துல நம்பர் எல்லாம் முத்து முத்தா விழுந்திருக்கு. நான் கழுவினதுல கெட்டிருந்தா இதுவும்தானே போயிருக்கணும்? உங்க மாமாவுக்கு பிளேடு வேணுமா, கத்தி வேணுமான்னு கேளுங்க."

மாமனார் லேசில் மடங்குகிற ஆளா? "இப்ப ஒட்டியிருக்கு, ஒத்துக்கறேன். அன்னிக்கு ஒட்டியிருந்துச்சுன்னு யார் பார்த்தது? முதல் நாள் வரைக்கும் நல்லா வேலை செஞ்ச கேமரா. தன்னால ஒட்டாது. காரணம் வேணும்னு சொல்லுங்க, மாப்ள."

நியாயமான கேள்வி. அன்று அவர் கேட்டதிலேயே நியாயமானது அது ஒன்றுதான்.

லிப்ட்காரர் லென்ஸைச் சுற்றியிருந்த வெள்ளி வளையத்தில் ஒரு ரப்பர் மூடியை அழுத்தித் திருகினார். வளையம் கழன்றது. முன்கண்ணாடி வந்தது. வேகம் மாற்றும் தட்டு வந்தது. வந்த ஒவ்வொன்றையும் வந்த வரிசையிலேயே ஐஸ் தட்டின் குழிகளில் வைத்தார். மாமனார் மேஜை மேல் கவிழ்ந்து, மூச்சு லென்ஸில் படும்படி எட்டிப் பார்த்தார். ஸ்டூடியோக்காரர் மறுபக்கம் கவிழ்ந்தார். இரண்டு தலைகளுக்கும் நடுவே லிப்ட்காரருக்குத் தன் கைகூடத் தெரியவில்லை. அப்போதுதான் தலைமுடி கனத்தில் இருந்த ஒரு ஸ்பிரிங் 'விண்'ணென்று துள்ளிக் காணாமல் போனது.

"யாரும் அசையாதீங்க!" என்று அலறினார்.

பிறகு நாலு பேரும் அசைந்தார்கள். மேஜைக்கு அடியில், பாய்க்கு அடியில், ஒருவர் காலுக்கு அடியில் இன்னொருவர் என்று முக்கால் மணி நேரம் தவழ்ந்தார்கள். மாமனாரும் ஸ்டூடியோக்காரரும் சோபாவுக்குக் கீழே நேருக்கு நேர் முட்டிக்கொண்டு, மன்னிப்பைக்கூட லிப்ட்காரர் வழியாகவே கேட்டுக்கொண்டார்கள். ஸ்பிரிங் கிடைத்தபாடில்லை. லிப்ட்காரர் அழாத குறையாக நாற்காலியில் சாய்ந்தார். மனைவி மட்டும் நின்று அப்பாவையே உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, கொஞ்சம் தும்மாம இருங்க," என்றாள்.

ஸ்பிரிங் அவர் மீசையின் வலது முனையில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. புருவம் பிடுங்கும் இடுக்கியால் பக்குவமாக எடுத்து ஐஸ் தட்டில் போட்டாள். அதற்குமேல் இரண்டு மீசைகளையும் வேலைக்குப் பக்கத்தில் விடக் கூடாது என்று முடிவாயிற்று. பெரியவர்கள் இருவரையும் பால்கனிக்குத் துரத்திவிட்டு அவள் டீ போடப் போனாள். அங்கேயும் அவர்கள் முதுகோடு முதுகாகத்தான் உட்கார்ந்தார்கள்.

லிப்ட்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் குனிந்தார். ஐந்து இதழ்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மேலே ஏதோ பிசின் மாதிரி படிந்திருந்தது. சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலில் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து, ஓர் இதழின் ஓரத்தைத் துடைத்தார். குச்சியை வெளிச்சத்தில் பார்த்தார்.

பஞ்சு பச்சையாக இருந்தது.

மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். வெயிலில் வாட்டிய ரப்பர் செருப்பு.

மறுபடி முகர்ந்து பார்த்தார். உலகத்தில் யார் மறந்தாலும் அந்த வாசனையை அவர் மூக்கு மறக்காது. அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள். பெண் வீட்டுக் கூடம். மேஜை மேல் கேமரா. வருங்கால மாமனார் அதைக் கையில் எடுத்துப் பிலிம் சுருளைத் திருகியபோது கிறீச்சென்று ஒரு சத்தம். அவர் முகம் சுளித்து உள்ளே போனார். லிப்ட் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத இருபத்தைந்து வயது மாப்பிள்ளைக்கு, மாமனாருக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று கை பரபரத்தது. சட்டைப் பையில் புதுக் குப்பி. லென்ஸ் ஓரத்தில் ஒரு சொட்டு. ஒரு சொட்டு போதுமோ போதாதோ என்று இன்னொரு சொட்டு.

அதற்குப் பிறகு அதை நினைக்கவே இல்லை. வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் எண்ணெய் விட்டவர், இதை மட்டும் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்வாரா?

திருட்டு முழி முழித்துக்கொண்டு பால்கனியை எட்டிப் பார்த்தார். சமையலறையில் டம்ளர் சத்தம் கேட்டது. யாரும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, 'பழசானதால ஒட்டிக்கிச்சு' என்று சொன்னால் முடிந்தது கதை. மூன்று மீசையும் பிழைக்கும். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த அரை மணி நேரம் அவர் நல்லவராகவும் இல்லை என்பதை நான் சொல்லத்தான் வேண்டும். துடைத்த பச்சைக் குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டைப் பையில் ஒளித்தார். இதழ்கள் சுத்தமாயின. ஒன்று மாற்றி ஒன்றாக நகர்ந்தன. ஸ்பிரிங்கை மாட்டி, தட்டைப் பொருத்தி, வளையத்தைத் திருகி, கேமராவை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து அழுத்தினார். 'கிளிக்' என்ற சத்தத்தோடு ஒரு வட்ட வெளிச்சம் பளிச்சென்று கண்ணில் அடித்தது. கேமராவைக் கூடத்துப் பக்கம் திருப்பி மறுபடி அழுத்தினார். அந்த வட்டத்துக்குள் எதிர்ச் சுவர் தெரிந்தது, ஆணி தெரிந்தது, ஆணியில் தொங்கும் சாவி தெரிந்தது.

மீசை போவதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லாமல் இல்லை. ஆனால் அவரை அடித்துப் போட்டது அந்தச் சாவிதான். ஆணி அடித்த அன்று அவள் கட்டைவிரலில் சுத்தியல் பட்டு ரத்தம் கட்டியது. அந்த விரலை ஊதிவிட்டதும் அவர்தான்.

சத்தம் போடாமல் எழுந்தார். கூடத்துக் கதவிலிருந்து போர்டைக் கழற்றினார். பாத்ரூம் கதவில் மாட்டிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

டீயோடு வந்த மனைவி போர்டைப் பார்த்தாள். "ஏங்க, உள்ள எதைப் பிரிக்கறீங்க?"

உள்ளே குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம்தான் கேட்டது. பெரியவர்களும் பால்கனியிலிருந்து வந்து கதவுக்கு முன்னால் நின்றார்கள். பத்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. லிப்ட்காரர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். நேராக மேஜைக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து பச்சைக் குச்சிகளை எடுத்துப் பரப்பினார். பக்கத்தில் எண்ணெய்க் குப்பியை வைத்தார்.

"ஷட்டர் ஒட்டினது எண்ணெயால," என்றார் துண்டுக்குள்ளிருந்து. "எண்ணெய் விட்டது நான். கல்யாணத்துக்கு முதல் நாள். நல்லது பண்றதா நினைச்சு." துண்டை எடுத்தார். "என் கையாலேயே எடுத்துட்டேன்."

மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே வெளுத்துப் போன ஒரு பட்டை. இருபத்தைந்து வருஷமாக வெயிலே படாத இடம்.

மாமனார் குச்சிகளைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, இருபத்தைந்து வருஷத்தில் முதல் முறையாக ஸ்டூடியோக்காரரின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"பார்த்தீங்களா சார் இந்த ஆளு பண்ணின வேலையை?"

"பார்த்தேன் சார், பார்த்தேன்! நம்ம ரெண்டு பேரையும் மோத விட்டுட்டு நடுவுல நாட்டாமை வேற!"

"அதுவும் எப்படி? மீசையைத் தடவிக்கிட்டு!"

"நான் அப்பவே நினைச்சேன் சார், இவர் முழியே சரியில்லன்னு!"

அப்புறம் யாராலும் அவர்களை நிறுத்த முடியவில்லை. சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் லிப்ட்காரரைத் திட்டுவதில் செலவழித்துத் தீர்த்தார்கள். ஒருவர் மூச்சு வாங்கினால் மற்றவர் தொடர்ந்தார். டீயைக்கூட ஒருவருக்கொருவர் எடுத்துக் கொடுத்துக்கொண்டார்கள். லிப்ட்காரர் அதில் எதையும் காதில் வாங்கவில்லை. மனைவி அந்தப் பச்சைக் குச்சிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அவள் கிட்டே வந்தாள். அவர் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணீரும் வந்தது.

"இந்த மூஞ்சிதாங்க," என்றாள். "இதைத்தான் நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். எங்க போச்சுன்னு தேடிக்கிட்டே இருந்தேன்." உடனே அப்பா பக்கம் திரும்பி அதட்டினாள். "அப்பா, திட்டினது போதும். கேமராவை எடுங்க. மறுபடி முளைக்கறதுக்குள்ள!"

ஸ்டூடியோக்காரர் ஓடிப் போய்ப் புது பிலிம் கொண்டுவந்தார். மாமனாரும் அவரும் தலையோடு தலை வைத்து அதைப் போட்டார்கள். கணவனும் மனைவியும் சுவருக்கு முன்னால் நின்றார்கள். மாமனார் சுருளைத் திருகினார். கிறீச்சென்று சத்தம் வந்தது.

லிப்ட்காரரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"தொடாதீங்க!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். கை இறங்கியது. 'கிளிக்.'

படத்தை ஸ்டூடியோக்காரரே கழுவினார். மாமனார் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் சொன்னார். படம் அருமையாக வந்தது. அதை மாட்டுவதற்காகச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து எங்கேயோ வைத்தார்கள், அதை இன்று வரை தேடுகிறார்கள்.

படத்தில் மாப்பிள்ளையின் முகம் மொழுக்கென்று, திருதிருவென்று இருக்கிறது. மணப்பெண்ணின் காதோரம் நரைத்திருக்கிறது, ஆனால் வாயெல்லாம் பல். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இது எப்போது எடுத்தது என்று கேட்கிறார்கள். அவள் கண்ணாடியை முந்தானையால் ஒரு துடை துடைத்துவிட்டுச் சொல்கிறாள்:

"எங்க கல்யாண போட்டோதாங்க. கழுவி வர்றதுக்குத்தான் கொஞ்சம் லேட்டாயிடுச்சு."